21 டிகிரியில் கிளம்ப மறுத்த லாரி

மார்கழி மூன்றாம் வாரத்தில் ஒரு விடியற்காலை, காரைக்குடி கழனிவாசல் பக்கம் உள்ள எங்கள் பட்டறை வாசலில் நின்ற பத்துச் சக்கர லாரி, நான்கு முறை செல்ப் அடித்தும் கிளம்பவில்லை. கொட்டகைத் தூணில் மாட்டியிருக்கும் வெப்பமானி அப்போது 21 டிகிரி செல்சியஸ் காட்டியது. எங்கள் ஊரில் அது காதை மூடி மப்ளர் சுற்றிக்கொண்டு திருப்பாவைக்குப் போகிற குளிர். டீசல் இஞ்சினுக்கோ அது குளிர் என்ற கணக்கிலேயே வராது.

வண்டி என் மைத்துனருடையது. 2011 மாடல், 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ பொருத்தியது. டீசலை அழுத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புவது மின்னணுக் கட்டுப்பாடு ஏதுமில்லாத இன்லைன் பம்ப். இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு விடுதிக்கு ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிச் சென்று, பத்து நாள்களுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டு, வழியில் வேறு சரக்கு ஏற்றி இறக்கி, முந்தைய நாள் மாலைதான் ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து இறுக வைப்பது. ஆகவே வைக்கோல் இட்டு அடுக்கி, கையால்தான் இறக்க வேண்டும். கட்டுமான இடத்துக்கு ஏறும் மண்பாதையில் பனி விழுந்ததால், சரக்கு இறக்க ஆளில்லாமல் வண்டி சாலையோரத்தில் நான்கு இரவுகள் நின்றிருக்கிறது. அந்த நான்கு இரவுகளும் ஓட்டுநர் இஞ்சினை நிறுத்தவே இல்லை.

ஓட்டுநர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். "மலைக்குளிரு இஞ்சினுக்குள்ள ஏறிப்போச்சு தம்பி. ராத்திரி முழுக்க ஓடவிட்டும் அது விடல" என்றார். அங்கே போகும்போதே காலையில் ஒரு மாதிரி இழுத்ததாகவும், தாபாவில் நின்ற வடநாட்டு ஓட்டுநர்கள் "நிறுத்தினால் டீசல் கட்டிக்கொள்ளும், காலையில் கிளம்பாது" என்று எச்சரித்ததாகவும் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி வேறு ஒரு நோயின் அறிகுறி என்பது எனக்கு அடுத்த மூன்று நாள்களில்தான் விளங்கியது. அந்த நாள்களில் பட்டறைக் குறிப்பேட்டில் எழுதியவற்றையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

குளிர் ஏன் டீசல் இஞ்சினைத் தடுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதில் தீப்பொறி இல்லை. காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது பிறக்கும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. உள்ளே இழுக்கும் காற்று 30 டிகிரி குளிர்ந்திருந்தால், நெருக்கத்தின் முடிவில் வெப்பம் அதே 30 டிகிரி மட்டும் குறைவதில்லை. 60 முதல் 80 டிகிரி வரை குறைந்துவிடும். அத்துடன் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் வெப்பத்தை உறிஞ்சுகிறது, கெட்டிப்பட்ட ஆயில் சுழற்சியை மந்தமாக்குகிறது, சுழற்சி மெதுவானால் நெருக்கப்பட்ட காற்று பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே கசிய அதிக நேரம் கிடைக்கிறது. பாட்டரியும் அதே நேரத்தில் வலுவிழக்கிறது. இவை எல்லாம் ஒன்றையொன்று பெருக்குபவை. எனவே சுழியத்துக்குக் கீழே ஓர் இஞ்சின் தடுமாறினால் அதில் வியப்பில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள இஞ்சின் 21 டிகிரியில் இரண்டு நொடிக்குள் பிடித்தாக வேண்டும்.

ஐந்தாம் முறை செல்ப் அடிக்கச் சொல்லிவிட்டு நான் புகைக்குழாயின் அருகே போய் நின்றேன். இந்த ஒரு சோதனைக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் வருகிறது, பற்றவில்லை என்று பொருள்; அப்போது வெப்பத்தையும் நெருக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். புகையே வராவிட்டால் டீசலே வரவில்லை. பதினைந்து நொடி சுற்றியும் எங்கள் வண்டியின் புகைக்குழாயிலிருந்து ஒரு இழை புகைகூட வரவில்லை. கிளீனர்ப் பையன் பழக்கத்தின்படி, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் பீட் பம்பின் தலையில் உள்ள கைப்பம்பைத் திருகிக் கழற்றி முப்பது முறை அடித்தான். அடுத்த சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. "தெனமும் இப்படித்தாண்ணே" என்றான். மலையில் எப்படி என்று கேட்டேன். முதல் நாள் காலை அங்கே அறுபது முறை அடித்தும் கிளம்பாததால்தான் அன்றிரவு முதல் நிறுத்தாமல் விட்டார்களாம்.

அப்படியானால் குளிரைப் பற்றிய பேச்சைச் சற்றுத் தள்ளிவைத்து, டீசல் ஏன் பம்பில் இல்லை என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆயினும் செல்ப் சுற்றிய ஓசை எனக்குத் திருப்தியாக இல்லை. ஆகவே பாட்டரியில் தொடங்கினேன்.

வண்டியில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. ஹைட்ரோமீட்டரால் பன்னிரண்டு அறைகளையும் பார்த்ததில் அமிலத்தின் அடர்த்தி 1.235 முதல் 1.250 வரை இருந்தது. முழுதாக ஏறிய பாட்டரியில் 1.260க்கு மேல் இருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டர் அளவு 27 டிகிரிக்கு உரியது என்பதையும், ஒவ்வொரு 10 டிகிரி வேறுபாட்டுக்கும் சுமார் 0.007 திருத்தம் செய்ய வேண்டும் என்பதையும் எனக்குச் சொல்லித் தந்தவர், எங்கள் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் மதிலுக்கு இந்தப் பக்கம் பாட்டரியை நாக்கால் தொட்டுப் பார்ப்பவர்களும் நாங்கள்தான் என்று அவர் சிரிப்பார். திருத்தம் செய்து பார்த்தாலும் பாட்டரி முக்கால் அளவே ஏறியிருந்தது, ஆனால் கெட்டுப்போகவில்லை.

உண்மையான இழப்பு கேபிளில் இருந்தது. செல்ப் சுற்றும்போது பாட்டரி முனைகளில் 20.6 வோல்ட், அதே நேரத்தில் செல்ப் மோட்டாரின் முனையில் 18.1. இடையில் 2.5 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையிலும் மற்றொன்றை இஞ்சின் உடலிலும் வைத்துச் செல்ப் அடித்தபோது 1.7 வோல்ட் காட்டியது. சேஸிஸிலிருந்து இஞ்சினுக்கு வரும் பின்னல் பட்டையின் அடியில், யாரோ ஒருமுறை வண்டிக்கு வண்ணம் அடித்தபோது அதன்மேலேயே அடித்துவிட்டிருந்தார்கள். அதன் கீழே துரு. இரும்புத்தாள் போட்டு உலோகம் தெரியத் தேய்த்து, புதிய பட்டை பொருத்தி, கிரீஸ் தடவினேன். பிறகு பாட்டரியில் 21.0, செல்ப்பில் 20.4. பாலிடெக்னிக்கில் பணிபுரியும் நண்பரிடம் இரவல் வாங்கிய டேக்கோமீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 115இலிருந்து 165 ஆக உயர்ந்ததைக் காட்டியது. மலையில் அந்த முதல் நாள் காலை இவ்வண்டி நூறைக்கூடத் தொட்டிருக்காது என்று நினைக்கிறேன். குளிரில் தளர்ந்த பாட்டரியிடம் கடன் கேட்பதே பெரிது. அதில் பாதியை வழியில் கொட்டிவிட்டால் எப்படி?

இனி டீசல். இந்த வகை இஞ்சினில் டேங்க் கீழே சேஸிஸ் ஓரத்தில் இருக்கிறது. பீட் பம்ப் அதைவிட உயரத்தில், இன்லைன் பம்பின் இடுப்பில் இருக்கிறது. பீட் பம்ப் உறிஞ்சும் வரையில்தான் டீசல் மேலே ஏறும். நிறுத்திய பிறகு குழாயில் நிற்கும் டீசலைத் தாங்கிப் பிடிப்பவை பீட் பம்பின் சிறு வால்வுகளும், எங்கும் காற்றுப் புகாத இணைப்புகளும்தான். ஓர் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் இரவு முழுவதும் அதன் வழியே காற்று உள்ளே போக, டீசல் மெல்ல மெல்லத் தன் எடையாலேயே டேங்குக்குத் திரும்பிவிடும். இதில் ஏமாற்றம் என்னவென்றால், இந்தக் கசிவு வெளியே சொட்டாது. உறிஞ்சும் பகுதியில் உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவு என்பதால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. குழாய் உலர்ந்து, தூசி படிந்து, நல்ல பிள்ளை போலத் தோன்றும்.

ஓட்டுநரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். டேங்க் நிறைந்திருக்கும்போது காலையில் எப்படி? "ரொம்பத் தொல்லை குடுக்காது." மலையில் வண்டி எப்படி நின்றது? "மேட்டப் பார்த்து மூஞ்சி." இந்த இரண்டு பதில்களிலேயே நோய் தெரிந்துவிட்டது. டேங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டத்துக்கும் பம்புக்கும் இடையே உயர வேறுபாடு குறைவு. பின்வாங்கும் விசையும் குறைவு. முகம் மேட்டை நோக்கி நின்றால் இஞ்சின் உயர்ந்து, டேங்க் தாழ்ந்து, டீசல் ஓடிப்போக வசதியாகிவிடும்.

தெரிந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக, பீட் பம்புக்குள் நுழையும் இடத்தில் அரையடி நீளத்துக்குத் தெளிவான நைலான் குழாயை இடையில் பொருத்தினேன். இஞ்சின் ஓடும்போது கடுகளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தும்போது நிறைந்திருந்த குழாய், காலை ஐந்தரை மணிக்கு முற்றிலும் காலி. மறுநாள் இரவு டேங்கின் தொடர்பையே துண்டித்து, பத்து லிட்டர் கேன் ஒன்றைக் கேபின் கூரையில் கட்டி, அதிலிருந்து நேராகப் பீட் பம்புக்குக் குழாய் இழுத்தேன். காலையில் முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை. மேலே ஏறி அந்தக் கேனை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார்.

குற்றம் டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையில் என்று உறுதியாயிற்று. டேங்கையே காற்றழுத்தி நுரை பார்ப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை, தகர டேங்க் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. குழாயை மட்டும் இரு முனையிலும் கழற்றி, ஒன்றை அடைத்து, மற்றதில் மிகக் குறைந்த காற்றை, ஏறத்தாழ 0.3 பார் அளவில் விட்டு, சோப்பு நுரையைத் தூரிகையால் தடவினேன். மூன்று இடங்களில் பூத்தது. சேஸிஸ் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் கிளிப்பின் கீழே ஒன்று; பீட் பம்போடு குழாயை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டில், ஏற்கெனவே நசுங்கிய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்த இடத்தில் ஒன்று; கைப்பம்பின் தண்டைச் சுற்றி ஒன்று. அந்த கைப்பம்பு தினமும் முப்பது முறை அடிபட்டே தேய்ந்திருந்தது. நோய்க்குக் கொடுத்த மருந்தே மூன்றாவது நோயாகிவிட்டது.

ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது, கிளிப் கடித்த இடத்தில் வட்டமாக வெடிப்பு. இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நம் ஊர் வெயிலில் இத்தனை நாள் சமாளித்த ஹோஸ், மலையில் மட்டும் ஏன் அறுபது முறை அடித்தாலும் விடாத அளவுக்குக் கசிந்தது? பழைய ரப்பர் குளிரில் விறைத்துச் சுருங்கும், கிளிப் பிடி தளரும் என்பது அறிந்ததே. ஆனால் எவ்வளவு என்று பார்க்க ஆசை. மீன் கடைக்குப் பார் ஐஸ் கொடுக்கும் இடத்தில் அரைப் பார் வாங்கி, சாக்கில் போட்டு உடைத்து, பழைய ஹோஸைத் திரும்ப மாட்டி, அதன் இணைப்பைச் சுற்றி ஐஸ் சாக்கைக் கட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து இஞ்சினை ஓடவிட்டபோது, தெளிவான குழாயில் முன்பு கடுகாக வந்த குமிழிகள் இப்போது மொச்சை அளவில் வந்தன; ஐந்து நிமிடத்தில் இஞ்சின் தடுமாறி நின்றது. புதிய ஹோஸ், புதிய வாஷர், புதிய கைப்பம்பு, இரண்டு திருகு கிளிப்புகள் போட்டு, அதே ஐஸ் சாக்கை மறுபடி கட்டி இரவெல்லாம் விட்டேன். காலையில் குழாயில் ஒரு குமிழி இல்லை. குளிர் செய்தது அவ்வளவுதான்: இருந்த வெடிப்பைத் திறந்து காட்டியது.

மிச்சமிருந்த ஐஸைக் கண்டதும் டீசல் கட்டிக்கொள்ளும் என்ற பேச்சையும் சோதித்துவிடலாம் என்று தோன்றிற்று. குச்சி ஐஸ் வண்டிக்காரர்கள் செய்வதுபோல் உடைத்த ஐஸுடன் கல்லுப்பைக் கலந்து, வண்டி டேங்கிலிருந்து எடுத்த டீசலை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அதற்குள் ஆய்வக வெப்பமானியை விட்டு நடுவில் புதைத்தேன். 4 டிகிரியை ஒட்டிப் பார்த்தபோது எண்ணெயில் மார்கழி மூடுபனி போல ஒரு மங்கல். சுழியத்துக்குச் சற்றுக் கீழே மங்கல் தடித்து, குப்பியைச் சாய்த்தால் தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கும்போது தெரிவது போன்ற வெண்துகள்கள். அது டீசலில் இயல்பாகவே உள்ள மெழுகு. அது உறைந்தாலும் டீசல் முழுதும் கல்லாகிவிடுவதில்லை. ஆனால் பில்டர்த் தாளின் நுண்துளைகளை அடைக்க அதுவே போதும். இந்தியத் தரம் ஐ.எஸ். 1460, பில்டர் அடைபடும் வெப்பநிலைக்குக் குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அதாவது சாதாரண டீசல், சுழியத்துக்குக் கீழ் ஓடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. லடாக்கின் கடுங்குளிருக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய தனி டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில்தான் கொண்டுவந்தது. ஆகவே தாபாவில் எச்சரித்தவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அன்று மலையில் நடந்தது அது இல்லை. மெழுகு அடைத்தால் கைப்பம்பு அடிக்க அடிக்க இறுகும், விரலுக்குத் தெரியும். காற்றென்றால் பஞ்சு போல் அமுங்கும். மெழுகு அடைத்த வண்டி பெரும்பாலும் பில்டருக்கு அப்பால் நிற்கும் டீசலில் கிளம்பி, சற்று ஓடி, சுமை ஏறும்போது மூச்சுத் திணறி நிற்கும். கிளீனர்ப் பையனிடம் கேட்டபோது, "பொசுபொசுன்னு போச்சுண்ணே, ஏர் ஸ்க்ரூவத் தொறந்தா நுரையா வந்துச்சு" என்றான். அந்த ஒரு வரியை மலையிலிருந்தே தொலைபேசியில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், ஒரு வாஷரும் ஒரு துண்டு ஹோஸும் வாங்கிப் போடச் சொல்லி நான்கு இரவு டீசலை மிச்சப்படுத்தியிருப்பேன்.

எவ்வளவு டீசல் என்பதையும் அளந்தேன். எரியாமல் மிஞ்சும் டீசல் திரும்பும் மீள் குழாயையும் அதே கேனுக்குள் திருப்பிவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாத மெதுவோட்டத்தில் (ஐடிலிங்) விட்டதில், ஒரு லிட்டர் 38 நிமிடத்தில் தீர்ந்தது. ஓர் இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் ஏறக்குறைய 16 லிட்டர். நான்கு இரவுகளுக்கு 60 லிட்டருக்கு மேல். என் மைத்துனருக்கு இந்தக் கணக்கு மட்டும் உடனே புரிந்தது.

எனக்கு அதைவிட வருத்தம் தந்தது ஆயில் குச்சி. புறப்படும்போது மேல்கோட்டில் இருந்த ஆயில், ஒரு சொட்டும் ஊற்றாமலே, மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. சுமையில்லாத மெதுவோட்டத்தில் இவ்விஞ்சின் எரிக்கும் டீசல் மிகக் குறைவு. அந்தக் குளிர்காற்றில் வெப்பமுள் 50ஐத் தாண்டவில்லை என்று ஓட்டுநரே சொன்னார். சிலிண்டர் அவ்வளவு குளிர்ந்திருக்கும்போது தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி எரியாமல் சுவரில் படிந்து, ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, ரிங் வழியே கீழே இறங்கிவிடும். சூட்டுக்காக ஓடவிட்ட இஞ்சின், பல மணி நேரம் குளிராகவே ஓடியிருக்கிறது. பீட் பம்பின் தண்டு வழியாகவும் டீசல் ஆயிலில் கலக்கலாம் என்பதால், உடனே முடிவுக்கு வராமல், ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றி, 15டபிள்யூ-40 தர ஆயில் ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி அளந்தேன். மட்டம் ஏறவில்லை. எனவே குற்றம் மெதுவோட்டத்தினுடையதே. நீர்த்துப்போன அந்த ஆயிலோடுதான், மலையடிவாரத்திலிருந்து காரைக்குடி வரை மூவாயிரம் கிலோமீட்டரை ஒட்டிய தொலைவை டர்போவின் பேரிங்குகள் கடந்து வந்திருக்கின்றன. அவை தப்பியது எங்கள் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் ஆறு நாசில்களையும் இறக்கினேன். நுனிகளில் கரி மொட்டு மொட்டாகக் கட்டியிருந்தது. சோதனைக் கருவியில் இரண்டு, மூன்றாவதும் நான்காவதும், தூவாமல் சொட்டின. அவற்றை மட்டும் மாற்றி, மற்றவற்றைச் சுத்தம் செய்து, இஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வுகளை அசைக்கும் டப்பெட்டின் இடைவெளியை உள்வால்வுக்கு 0.25, புறவால்வுக்கு 0.50 மில்லிமீட்டர் என்று வைத்தேன்.

நாசில் வேலையின் நடுவே கண்ணில் பட்ட ஒன்றைப் பற்றி விரித்துச் சொல்லத்தான் வேண்டும். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிபோல்ட், இஞ்சின் தலையோடு சேரும் இடத்தில், கேபினை ஒட்டிய பக்கம், கேஸ்கெட் விலகி, ஈரமான கரி வழிந்த தடம் இருந்தது. "அண்ணே, அங்க ராத்திரி கண்ணாடிய ஏத்திட்டா படுத்தீங்க?" என்றேன். ஏற்றித்தான். காலையில் எப்படி இருந்தது? "ரெண்டு பேருக்குமே தலை பாரமா இருந்துச்சு. குளிர்ல நீர் கோத்துக்கிச்சுன்னு தைலம் தடவிக்கிட்டோம்." அது நீர்க்கோவையாக இருந்திருக்கலாம், ஆனால் அந்தக் கசிவைப் பார்த்த பிறகு எனக்கு அப்படி நம்ப மனம் வரவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. அதன் முதல் அடையாளமே தலைபாரமும் குமட்டலும்தான். டீசல் புகையில் அது பெட்ரோல் புகையைவிடக் குறைவு என்பது உண்மை. மூடிய கேபினில், குளிர்ந்து அரைகுறையாக எரியும் இஞ்சினுக்கு மேலே, பத்து மணி நேரம் தூங்குபவருக்கு அந்தக் குறைவு ஆறுதலாகாது. கேஸ்கெட்டை மாற்றினேன், கியர் கம்பி நுழையும் ரப்பர் உறை கிழிந்திருந்தது, அதையும் மாற்றினேன். கேபினுக்குள் கரியடுப்பு மூட்டிப் படுக்கும் வழக்கம் அந்தப் பக்கம் உண்டென்று அவர் சொன்னபோது, அதை ஒருநாளும் செய்ய வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

நிறுத்தாமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது என்பது கடைசியில்தான் வெளிவந்தது. இரவில் நிறுத்தினால் காலையில் பிரேக்குக்கான ஏர் இறங்கி, பிரேக் விடுபடக் கால் மணி நேரம் ஆகுமாம். பின் அச்சின் ஒரு பிரேக் சேம்பர் டயாப்ரம் கசிந்தது, மாற்றினேன். ஏர் டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தபோது அரை டம்ளர் தண்ணீர் வந்தது. சுழியத்துக்குக் கீழே அந்தத் தண்ணீர் வால்வுக்குள் உறைந்தால் பிரேக் பிடிக்காமலும் போகும், விடாமலும் போகும்.

அடுத்த குளிர்காலப் பயணத்துக்கு முன் ஓட்டுநரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தவை சில. மலையேறும் முன்பே, அந்த வட்டாரத்துப் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொள்வது; அங்கே அந்தக் காலத்துக்கு விற்கும் டீசலே அந்தக் குளிருக்கு ஓரளவு தோதானது, நிறைந்த டேங்கில் ஈரம் படியும் இடமும் குறைவு. நீர்பிரிக்கும் கிண்ணத்தை மாலையில் திறந்து வடிப்பது. முடிந்தவரை முகத்தைப் பள்ளம் பார்த்து நிறுத்துவது. டீசல் பில்டரையும் ரேடியேட்டரையும் படுதாவால் மூடிவிட்டு, காலையில் கிளப்பும் முன் படுதாவை எடுக்க மறவாமல் அதன் கயிற்றை ஸ்டியரிங்கில் கட்டிவைப்பது. இந்தக் கடைசி யோசனை கிளீனர்ப் பையனுடையது. வெப்பம் உண்மையிலேயே சுழியத்துக்குக் கீழே இறங்கினால் நள்ளிரவில் ஒருமுறை எழுந்து, மெதுவோட்டத்தில் அன்று, 1,000 முதல் 1,200 சுற்றில் இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது. கிளம்பியதும் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடாமல், ஆயில் டர்போவுக்கு ஏற அரை நிமிடம் கொடுத்து, பிறகு மெல்ல ஓட்டியே சூடாக்குவது. மண்ணெண்ணெய் கலப்பதையும், ஆயில் சட்டிக்குக் கீழே பந்தம் பிடிப்பதையும் அவர் தாமாகவே வேண்டாம் என்றார். முதலாவது பம்பைத் தேய்க்கும், சட்டத்துக்கும் புறம்பு. இரண்டாவதில் வண்டியே மிஞ்சாமல் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

மின்னணுப் பம்பும் புகை வடிகட்டியும் கொண்ட இன்றைய பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளுக்கு இந்தக் குறிப்பு அப்படியே பொருந்தாது. அவற்றில் இரவு முழுக்க மெதுவோட்டம் இன்னும் மோசம். புகைக் குழாய் சூடாகாததால் வடிகட்டியில் கரி நிறைந்துவிடும். புகையைச் சுத்தமாக்க அவற்றில் ஊற்றும் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்பதும் அங்கே போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுத் தை மாதத்தில் அதே வண்டி இமாசலத்தின் மண்டி நகர் வரை போயிற்று. ஒருநாள் விடியலில், இங்கே நான் இன்னும் பல் துலக்காத நேரத்தில், ஓட்டுநர் அழைத்தார். பேச்சு ஒன்றும் இல்லை. தொலைபேசியை டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் செல்ப் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்றாவது சுற்றில் பிடித்தது. "ராத்திரி பூரா ஆஃப் பண்ணித்தான் தம்பி இருந்துச்சு" என்றார்.

ஊர் திரும்பியபின் பார்த்தபோது, கிளம்பியதும் ஒரு நிமிடம் இலேசான வெண்புகையும், நான்காவது சிலிண்டரில் ஒரு தட்டலும் இருந்தன. நாசிலை மாற்றியாகிவிட்டது, டப்பெட்டும் சரி. டீசல் கழுவிய அந்த நான்கு இரவுகளில் நான்காவது சிலிண்டரின் ரிங் எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கம்ப்ரெஷன், அதாவது காற்றின் நெருக்கம், அளந்துதான் சொல்ல வேண்டும். பங்குனியில் வண்டி தகுதிச் சான்றுக்கு (எப்.சி.) நிற்கும்போது அளப்பதாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.